பட்டாணித் தோட்டத்துச் சுவாமியார்



பட்டாணிச் செடியின் இலை ஒன்றை எப்பொழுதாவது கையில் எடுத்து நிதானமாய்ப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை கிடைக்கும்போது பாருங்கள். அடியில், தண்டைத் தழுவிக்கொண்டாற்போல் இரண்டு அகன்ற இலையடிச் செதில்கள் இருக்கும். அதற்கு மேல் ஜோடி ஜோடியாய்ச் சிற்றிலைகள். நுனியிலோ இலையே இல்லை. மெல்லிய கம்பிகள் சுருண்டு நிற்கும். பக்கத்துக் குச்சியைப் பற்றிக்கொண்டு செடி மேலே ஏறுவது அந்தப் பற்றுக்கம்பிகளால்தான். செதிலும் சிற்றிலையும் கம்பியும் சேர்ந்ததுதான் பட்டாணியின் ஓர் இலை.

இதுவரைக்கும் சிற்றிலை, இதற்கு மேல் கம்பி என்று அந்தச் செடிக்குச் சொல்லிக் கொடுத்தது எது? தாய்ச்செடிக்கு இருந்த அதே ஒழுங்கு மகச்செடிக்கும் தப்பாமல் வருவது எப்படி? இந்தக் கேள்விக்கு வழி திறந்தவர் ஒரு துறவி. பரீட்சையில் தவறியவர்; உயிரோடிருந்த நாளில் உலகம் கண்டுகொள்ளாதவர். அவர்தான் அர்ச். அகுஸ்தீனார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல் சுவாமியார். அவருடைய வாழ்க்கையை இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறோம். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஏழைக் குடியானவரின் மகன்

1822-ம் ஆண்டு ஜூலை மாதம், அந்நாளில் ஆஸ்திரிய அரசின் கீழிருந்த சிலேசியா நாட்டில், ஹைன்சென்டார்ப் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். இன்று அவ்வூர் செக் குடியரசில் இருக்கிறது. ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் யோவான். தகப்பனார் அந்தோனி குடியானவர். சொந்த நிலத்தில் உழைப்பதோடு, அக்கால வழக்கப்படி வாரத்தில் மூன்று நாள் பண்ணையாருக்குக் கூலியில்லாமலும் உழைக்கவேண்டும். தாயார் ரோசினாள் தோட்டக்காரர் குடும்பத்துப் பெண். வெரோணிக்காள் என்று ஓர் அக்காளும், தெரேசியாள் என்று ஒரு தங்கையும் யோவானுக்கு உண்டு.

அந்தப் பங்கின் குருவாயிருந்த ஷ்ரைபர் சுவாமியார் பழமரங்கள் வளர்ப்பதில் கெட்டிக்காரர். மக்களுக்கு நல்ல ஒட்டு மரங்களைக் கொடுத்தும், பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை கற்பித்தும் வந்தார். சிறுவன் யோவானுக்கு மரஞ்செடிகளின் மேல் வந்த பிரியத்துக்கு அவரும் ஒரு காரணம். பையனின் புத்திக்கூர்மையைக் கண்ட ஆசிரியரும் சுவாமியாரும் அவனை மேற்படிப்புக்கு அனுப்பும்படி பெற்றோருக்குப் புத்தி சொன்னார்கள். வீட்டிலோ பணமில்லை. உயர்நிலைப் பள்ளியில் அவனுக்குச் சாப்பாட்டுக்குக் கட்டவேண்டிய தொகையில் பாதிதான் கட்ட முடிந்தது. அதனால் அரை வயிறாய்ப் படித்தான்.

1838-ல் பெரும் துன்பம் வந்தது. பண்ணைக் காட்டில் மரம் வெட்டும்போது ஒரு கட்டை உருண்டு தகப்பனாரின் மார்பை நசுக்கிவிட்டது. உயிர் பிழைத்தார், பழைய பலம் திரும்பவில்லை. பதினாறு வயதுப் பையன் அன்று முதல் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் வயிற்றைத் தானே கழுவிக்கொண்டான். பசியாலும் கவலையாலும் பலமுறை நோயில் விழுந்தான். ஒரே மகன் வீடு திரும்பி ஏர் பிடிப்பான் என்று தகப்பனார் எதிர்பார்த்திருந்தார். மகனின் மனமோ படிப்பில் இருந்தது. முடிவில் அந்தோனி நிலத்தை மூத்த மருமகனுக்கு விற்றுவிட்டார்.

அப்போது தங்கை தெரேசியாள் செய்ததை, வாசகர்களே, மறக்கக்கூடாது. தன் கலியாணத்துக்கென்று ஒதுக்கியிருந்த சீதனத்தில் ஒரு பங்கை அவள் அண்ணனின் படிப்புக்குக் கொடுத்துவிட்டாள். அவள் கைகொடுத்திராவிட்டால் மெண்டல் என்ற பெயரை நாம் அறிந்தேயிருக்கமாட்டோம். அண்ணனும் அதை மறக்கவில்லை. பிற்காலத்தில் தங்கையின் மூன்று ஆண்பிள்ளைகளின் படிப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். அவர்களில் இருவர் வைத்தியர்கள் ஆனார்கள்.

மடமும் பரீட்சையும்

ஓல்மூட்ஸ் நகரில் படித்து முடிந்தபோது, அவருக்குப் பௌதிக சாஸ்திரம் கற்பித்த ஆசிரியர் புருன் நகரத்து அர்ச். தோமையார் மடத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தார். புருன் என்பது இன்று புர்னோ என்று அழைக்கப்படும் நகரம். 1843-ல் யோவான் அம்மடத்தில் சேர்ந்து கிரகோர் என்ற சபைப் பெயரைப் பெற்றார். அன்றாடச் சாப்பாட்டுக் கவலை அதோடு தீர்ந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1847-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி, ஆண்டவருடைய மறுரூபத் திருநாளன்று, குருப்பட்டம் பெற்றார்.

முதலில் பங்கு வேலை கொடுத்தார்கள். நோயாளிகளைச் சந்திக்கப் போகவேண்டும். பிறர் படும் வேதனையைக் கண்டு தாங்கமாட்டாமல் அவரே படுக்கையில் விழுந்துவிட்டார். மடாதிபதி சிரில் நாப் என்பவர் மனிதரின் மனம் அறிந்தவர். இவருக்கு ஏற்ற வேலை இதுவல்ல என்று கண்டு, பள்ளியில் பாடம் சொல்ல அனுப்பினார். அங்கே மெண்டல் சிறந்த ஆசிரியராய் விளங்கினார். ஆனால் நிரந்தர ஆசிரியர் ஆவதற்கான அரசாங்கப் பரீட்சையில் 1850-ல் தவறிவிட்டார். தவறியது வேறெதிலும் அல்ல, இயற்கை வரலாற்றுப் பாடத்தில்!

மடாதிபதி அவரைக் கைவிடவில்லை. 1851-ல் வீயன்னா சர்வகலாசாலைக்கு அனுப்பினார். அங்கே பௌதிக சாஸ்திரம் டோப்ளர் என்ற அறிஞரிடத்திலும், தாவர சாஸ்திரம் உங்கர் என்பவரிடத்திலும் கற்றார். ஒரு கேள்வியை எப்படிப் பிரிப்பது, எதை எண்ணுவது, எண்ணியதை எப்படிக் கணக்காக்குவது என்பதை அங்கே கற்றுக்கொண்டார். திரும்பி வந்து பள்ளியில் பாடம் சொன்னார். 1856-ல் மறுபடியும் பரீட்சைக்குப் போனார். நோயால் முடிக்காமலே திரும்பினார். கடைசிவரை அந்தச் சான்றிதழ் அவருக்குக் கிடைக்கவேயில்லை. பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டான் என்று கலங்கும் பெற்றோரே, இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் எட்டு வருடம்

அதே 1856-ம் ஆண்டில்தான் மடத்துத் தோட்டத்தில் அவர் பட்டாணிச் சோதனையைத் தொடங்கினார். தோட்டம் 35 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், அவ்வளவே. முன்னதாகவே 34 ரகப் பட்டாணிகளை வாங்கி இரண்டு வருடம் விதைத்துப் பார்த்து, மாறாமல் விளையும் 22 ரகங்களைத் தெரிந்துகொண்டார்.

பட்டாணியை ஏன் எடுத்தார்? அதன் பூ மலருமுன்னே தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும். வண்டு வந்து கெடுப்பது அபூர்வம். கலக்க வேண்டுமானால், மொட்டை மெல்லத் திறந்து, முதிராத மகரந்தப் பைகள் பத்தையும் இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு செடியின் மகரந்தத்தைத் தடவவேண்டும். கண்ணும் கையும் நோகும் இந்த வேலையை அவர் எட்டு வருடம் செய்தார். அவர் வளர்த்துப் பார்த்த செடிகள் ஏறக்குறைய 28,000.

அவர் ஏழு குணங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். விதை உருண்டையா சுருங்கியதா, உள்ளே மஞ்சளா பச்சையா, செடி நெட்டையா குட்டையா என்று இப்படி, பார்த்தவுடன் பிரித்துச் சொல்லக்கூடியவை. இலைகளின் அளவும் வடிவும் ரகத்துக்கு ரகம் மாறுவதை அவர் கண்டு, தம் கட்டுரையிலும் குறித்திருக்கிறார். ஆனால் சற்றுக் கூட, சற்றுக் குறைய என்று இழுபறியாய் நிற்பதை எண்ணிக் கணக்கிட முடியாதென்று, அப்படிப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டார். எல்லாவற்றையும் ஒரேயடியாய் அறிய ஆசைப்படாமல், தெளிவாய் அறியக்கூடியதை முதலில் அறிவது என்பதே அவருடைய வழி.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. சுருக்கம் எங்கே போயிற்று? அந்தச் செடிகளைத் தாமாகவே காய்க்கவிட்டு 7,324 விதைகளை எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. மூன்றுக்கு ஒன்று! மறைந்தது அழியவில்லை, ஒளிந்திருந்து பேரப்பிள்ளைகளில் வெளிப்பட்டது. மற்ற ஆறு குணங்களிலும் இதே கணக்கு வந்தது. அதோடு நிற்காமல் உருண்டை விதைகளிலிருந்து 565 செடிகளை வளர்த்தார். 193 செடிகள் உருண்டை மட்டும் காய்த்தன. 372 செடிகள் இரண்டும் காய்த்தன. ஆகவே வெளிக்கு ஒன்றுபோல் தோன்றும் உருண்டைகளுக்குள்ளேயும் இரண்டு வகை உண்டு. ஒவ்வொரு குணத்துக்கும் தகப்பனிடமிருந்து ஒரு கூறும் தாயிடமிருந்து ஒரு கூறும் வருகின்றன. அவை பால்போல் கலந்துவிடாமல் தனித்தனியே நின்று, அடுத்த தலைமுறைக்குப் பிரிந்து போகின்றன என்று அவர் முடிவு கண்டார். அந்தக் கூறைத்தான் இன்று ஜீன் என்கிறோம். அச்சொல் பிறந்தது 1909-ல். சுவாமியார் அதைக் கேட்டதில்லை.

கேட்பாரில்லை

1865-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதியும் மார்ச் 8-ந் தேதியும் புருன் நகரத்து இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில் தம் முடிவுகளை வாசித்தார். அடுத்த வருடம் அது அச்சாகி நூற்றுக்கு மேற்பட்ட நூல்நிலையங்களுக்குச் சென்றது. நாற்பது தனிப் பிரதிகளும் வாங்கி அறிஞர்களுக்கு அனுப்பினார். பலன்? ஏறக்குறைய ஒன்றுமில்லை. தாவரத்தையும் கணக்கையும் ஒருவர் சேர்த்துப் பார்ப்பது அந்நாளில் புதிது. மூனிக் நகரத்துப் பேராசிரியர் நேகெலி மட்டும் பதில் எழுதினார்; அவரும் நம்பவில்லை. அவர் ஆராய்ந்துகொண்டிருந்த ஹையராசியம் என்ற பூச்செடியில் மெண்டலும் உழைத்துப் பார்த்தார். பட்டாணியின் கணக்கு அதில் வரவில்லை. அச்செடி பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கையில்லாமலே விதை கட்டும் என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. பாவம், தவறு அவருடையதல்ல. செடியின் இயல்பு அப்படி.

1868-ல் சபையார் அவரை மடாதிபதியாய்த் தெரிந்துகொண்டார்கள். அலுவல் பெருகிற்று; சோதனை குறைந்தது. தேனீ வளர்த்தார்; மழையும் காற்றும் வெயிலும் நாள்தோறும் அளந்து எழுதினார்; தாம் பிறந்த ஊரில் தீயணைப்பு நிலையம் கட்டப் பணம் கொடுத்தார். 1874-ல் மடங்களின் சொத்துக்கு அரசாங்கம் புது வரி விதித்தது. அது அநீதி என்று கண்ட மடாதிபதி கடைசிவரை கட்ட மறுத்தார். சொத்து ஜப்தியானது. நண்பர்கள் பலர் விலகினார்கள். அவருடைய பிடிவாதம் மிஞ்சிப்போயிற்று என்று சொல்வாரும் உண்டு. அந்தப் போராட்டம் அவருடைய கடைசி வருடங்களைக் கசப்பாக்கிற்று என்பது மெய்.

1884-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, சிறுநீரக நோயால் அவர் காலமானார், வயது 61. அடக்கத்துக்கு ஏழைகள் திரளாய் வந்தார்கள். ஏழைகளுக்கு உதவிய மடாதிபதியை இழந்தோம் என்று அழுதார்கள். பெரிய விஞ்ஞானியை இழந்தோம் என்று அழுதவர் யாருமில்லை.

பதினாறு வருடம் சென்றது. 1900-ல் டீ விரீஸ், கோரென்ஸ், செர்மாக் என்ற மூன்று அறிஞர்கள் வெவ்வேறு இடங்களில் அதே கணக்கைக் கண்டு, பழைய ஏடுகளைப் புரட்டியபோது, புருன் நகரத்துத் துறவி 34 வருடத்துக்கு முன்பே எல்லாம் எழுதி வைத்திருப்பதைக் கண்டார்கள்.

இலையின் கதை

இப்போது நாம் தொடங்கிய இலைக்குத் திரும்புவோம். மெண்டல் ஒதுக்கி வைத்த இலையை, அவருடைய கணக்கைக் கொண்டே பின்வந்தவர்கள் ஆராய்ந்தார்கள்.

பற்றுக்கம்பியே இல்லாத ஒரு பட்டாணி ரகம் உண்டு. கம்பி இருக்கவேண்டிய இடத்திலும் அதற்குச் சிற்றிலைதான். சாதாரணச் செடியோடு கலந்தால் இதுவும் மெண்டலின் கணக்குப்படியே பிரிகிறது. 1911-ல் விலமோரென், பேட்சன் என்ற இருவர் மேலும் ஒரு புதுமையைக் கண்டார்கள். இந்த இலைக்குணமும், மெண்டலின் உருண்டை, சுருக்கம் என்ற விதைக்குணமும் தனித்தனியே போகாமல், பெரும்பாலும் கைகோத்துக்கொண்டே பேரப்பிள்ளைகளுக்குப் போயின. இரண்டு ஜீன்களும் ஒரே குரோமோசோமில், ஒரே மாலையில் கோத்த மணிகள்போல், அருகருகே இருப்பதுதான் காரணம்.

இதற்கு எதிரான செடியும் உண்டு. 1953-ல் பின்லாந்து நாட்டிலிருந்து அறிவிக்கப்பட்ட அந்த வகையில் சிற்றிலைகளே இல்லை. அவற்றின் இடத்திலெல்லாம் பற்றுக்கம்பிகள்! அதற்கு அபிலா என்று பெயர். இந்த இரண்டு மாறுதல்களும் ஒரே செடியில் சேர்ந்தால் என்ன ஆகும்? கிளை கிளையாய்ப் பிரிந்து நுண்ணிய சிற்றிலைகள் நிறைந்த விசித்திரமான இலை வருகிறது. ஆகவே சிற்றிலையும் கம்பியும் வெவ்வேறு உறுப்புகள் அல்ல. ஒரே மொட்டு எந்தக் கட்டளை கிடைக்கிறதோ அதன்படி இலையாகவோ கம்பியாகவோ ஆகிறது என்று விளங்கிற்று. கம்பியாக்கும் ஜீன் 2009-ல் அடையாளம் காணப்பட்டது. இலைத்தகடு விரியாமல் தடுத்து அதை மெல்லிய கம்பியாய் வைப்பது அதன் வேலை. அது பழுதானால் தடை நீங்கி, கம்பி விரிந்து இலையாகிவிடுகிறது.

வேறொரு ஜீன் பழுதானால் கூட்டிலையே உண்டாவதில்லை. பெரும்பாலும் ஒற்றையிலைதான் வரும். அந்தச் செடி நல்ல பூவும் பூப்பதில்லை. பூவை உண்டாக்கும் அதே ஜீன்தான், இளம் இலையைச் சீக்கிரம் முதிரவிடாமல் சற்று நேரம் குழந்தையாகவே வைத்து, பல சிற்றிலைகள் கிளைக்க இடம் கொடுக்கிறது என்று 1997-ல் இங்கிலாந்தில் நார்விச் நகரத்து ஆராய்ச்சியாளர் கண்டார்கள். பாசிப்பயற்றிலும் இதே ஜீன் பழுதானால் மூவிலை ஒற்றையிலையாகிறது. மற்றொரு ஜீன் இலையடிச் செதிலைச் செதிலாகவே வைத்திருக்கிறது. அதே ஜீன்தான் மண்ணுக்குள் வேர்முடிச்சுகளையும் காக்கிறது. அது கெட்டால் முடிச்சிலிருந்து வேர் முளைக்கிறது. சோயாவில் சிற்றிலையைக் குறுகலாக்கும் ஒரு ஜீன் மாறுதல், காய்க்குள் விதைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ஒரு ஜீனுக்கு ஒரே வேலை என்பதில்லை. வீட்டிலே ஒரு தாய் அடுப்பையும் பார்த்து, பிள்ளையையும் பார்ப்பதுபோல, ஒன்றே பல இடத்தில் உழைக்கிறது.

இதையும் மெண்டல் ஒருவகையில் கண்டிருந்தார். ஊதாப்பூப் பட்டாணியின் விதைத்தோல் சாம்பல் நிறமாயும், இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் சிவப்புப் புள்ளியாயும் இருப்பதை அவர் எழுதி வைத்தார். மூன்றுக்கும் காரணம் ஒரே ஜீன் என்பது உறுதி. 2010-ல் அந்த ஜீனும் அகப்பட்டது. விதையைச் சுருக்கும் காரணம் 1990-ல் வெளிவந்தது. மாச்சத்தைக் கட்டும் ஒரு நொதி குறைவதால் விதையில் சர்க்கரையும் தண்ணீரும் மிகுந்து, காயும்போது தோல் சுருங்குகிறது. சுருங்கும் பட்டாணி இளசாயிருக்கையில் இனிப்பதும் அதனாலேயே. ஏழு குணங்களில் எஞ்சியிருந்த மூன்றின் ஜீன்களும் 2025-ல் வெளிவந்தன.

இதனால் குடியானவனுக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். பட்டாணி காய்த்துக் கனத்தவுடன் தரையில் சாய்ந்துவிடும், மழை பெய்தால் காய் அழுகும், அறுப்பதும் கடினம். சிற்றிலைக்குப் பதில் கம்பிகள் நிறைந்த அபிலா வகையை வளர்த்தால், பக்கத்துச் செடிகள் ஒன்றையொன்று கம்பிகளால் பிடித்துக்கொண்டு வயல் முழுவதும் நிமிர்ந்து நிற்கும். சிற்றிலை போனாலும், அகன்ற செதில்களும் பச்சைக் கம்பிகளும் வெயிலை வாங்கி உணவு சமைத்துவிடும். 1970-களிலிருந்து இவ்வகை பரவி, இன்று ஐரோப்பாவிலும் கனடாவிலும் உலர் பட்டாணிக்காக விதைக்கப்படும் ரகங்களில் பெரும்பாலானவை இதுவே. தனியாய் நின்றால் விழும் செடி, பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

வாசகர்களே, மெண்டல் சுவாமியாரும் அப்படித்தான் நின்றார். ஒட்டு மரம் காட்டிய பங்குக்குரு, சீதனம் கொடுத்த தங்கை, இருமுறை தவறியும் கைவிடாத மடாதிபதி என்று பலர் அவரைத் தாங்கினார்கள். அவரோ, புகழுக்குக் காத்திராமல், தமக்குக் கிடைத்த சிறு தோட்டத்தில், ஒவ்வொரு விதையாய், ஏமாற்றாமல் எண்ணினார். எண்ணியதன் பலனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் பலன் தெரியாமல் உழைக்கிறவர்கள் இருப்பார்கள். தன் பங்கை விட்டுக்கொடுத்த ஒரு தெரேசியாளும் இருப்பாள். இன்றிரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவர்களிடத்தில் ஒரு நன்றிச் சொல் சொல்லுங்கள். அதற்கு முப்பத்து நாலு வருடம் காத்திருக்க வேண்டாம்.